கிராபிக்ஸ் சாதனத்தின் பயன்பாட்டைக் கெர்னலிலிருந்து வெளிக்காட்டும் முறை

கிருஷ்ணகிரியில் பொறியியல் மாணவர்களுக்கு லினக்ஸ் டிரைவர் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து வன்பொருளைக் கையாளும் நிரல்) எழுதக் கற்றுத்தரும்போது, பலர் பகிர்ந்துகொள்ளும் ஆய்வகக் கணினியின் கிராபிக்ஸ் சிப்பை யாருடைய நிரல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. சாதனம் முழுமைக்குமான ஒரே சதவீதம் இதற்கு விடை தராது. ஒவ்வொரு நிரலுக்கும் தனிக்கணக்கு வேண்டும்.

அக்கணக்கை எழுதுவதற்கான இடம், கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் (/proc) கோப்பமைப்பில், ஒவ்வொரு பிராசஸுக்கும் (இயங்கும் நிரலுக்கும்) கீழே உள்ள எஃப்டிஇன்ஃபோ (fdinfo) அடைவு ஆகும். டிரைவரின் ஃபைல் ஆபரேஷன்ஸ் (file_operations) அமைப்பில், ஷோ எஃப்டிஇன்ஃபோ (show_fdinfo) என்ற உறுப்பில், கெர்னலின் கிராபிக்ஸ் டிரைவர்களுக்குப் பொதுவான டிஆர்எம் (DRM) அடுக்கு தரும் பொதுச் செயற்கூற்றை இணையுங்கள். அது டிரைவர் பெயரையும் கிளையன்ட் எண்ணையும் (சாதனத்தின் ஒவ்வொரு திறப்புக்கும் உரிய அடையாள எண்) தானே அச்சிட்டபின் உங்கள் செயற்கூற்றை அழைக்கும். அங்கே, ரெண்டர், வீடியோ போன்ற ஒவ்வொரு எஞ்சினும் (சிப்பில் தனிவேலை செய்யும் பகுதியும்) அந்தக் கிளையன்டுக்காக உழைத்த மொத்த நேரத்தை நானோநொடியில் எழுதுங்கள். இன்டெலின் ஐ915 டிரைவரில் இவ்வசதி 2022இல் வெளியான லினக்ஸ் 5.19 பதிப்பில் சேர்ந்தது.

சதவீதத்தைக் கெர்னலுக்குள் கணக்கிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு இடைவெளியில் அளப்பது என்பதைப் படிக்கும் நிரல்தான் முடிவுசெய்ய வேண்டும். அது இருமுறை படித்து, வேறுபாட்டை இடைப்பட்ட நேரத்தால் வகுக்கும்: 1 நொடியில் 25 கோடி நானோநொடி கூடியிருந்தால், பயன்பாடு 25 சதவீதம். ஒரே வகை எஞ்சின்கள் பல இருந்தால் அவற்றின் எண்ணிக்கையையும் தனி வரியில் கொடுங்கள். இல்லையேல் கணக்கு 100ஐத் தாண்டும்.

சாதனத்தின் ஒரே திறப்பு பல கோப்பு எண்களில் (ஃபைல் டிஸ்கிரிப்டர்களில்) தோன்றலாம் என்பதால், கிளையன்ட் எண் ஒன்றாக இருப்பவற்றை ஒருமுறை மட்டுமே கூட்டுங்கள். நினைவகப் பயன்பாட்டையும் இவ்வாறே பகுதிவாரியாக எழுதலாம்.