சோற்றைக் குறைக்கச் சொல்லும் முன்: நீரிழிவு நோயாளிகளிடம் தாதியர் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் புதிதாகச் சேரும் தாதியர் நீரிழிவு நோயாளிகளிடம் உணவைப் பற்றிப் பேசத் தொடங்கும் முதல் சில வாரங்களில் அவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பது என் பொறுப்பு. ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் அதே தன்னம்பிக்கையோடு செய்வதைப் பார்ப்பதனால்தான் இதை எழுதுகிறேன். எடையைக் குறிக்க மறப்பது, துண்டறிக்கையைக் கொடுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை அன்றே யாராவது திருத்திவிடுவார்கள்.

மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் உணவை மாற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தைக் காட்டி, பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ என்று விளக்குவது எளிது. ஆனால் எதிரில் இருப்பவர் இன்சுலின் போடுகிறாரா, கிளிபிசைடு அல்லது கிளிக்ளசைடு மாத்திரை எடுக்கிறாரா என்று திரையில் பாராமல் "இரவில் சோற்றைக் குறையுங்கள்" என்று சொல்வது, மருத்துவருக்குத் தெரியாமல் மருந்தின் அளவைக் கூட்டுவதற்குச் சமம். ஏனெனில் அந்த மருந்துகள் அவர் வழக்கமாக உண்ணும் சோற்றின் அளவைக் கணக்கில் கொண்டு கொடுக்கப்பட்டவை. சோறு குறைந்தும் மருந்து குறையாவிட்டால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதனாலேயே பலமுறை தப்பித்துவிட்டு, இப்படிச் சொல்வதில் தவறே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அறுபது வயதைக் கடந்த ஐயா ஒருவர் காலையிலும் இரவிலும் கலப்பு இன்சுலின் போட்டு வந்தார். இரவுச் சோற்றைக் குறைக்கச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது, "மிஸ்ஸி, நீங்க சொன்னீங்கன்னு ராத்திரி சோத்தையே நிப்பாட்டிட்டேன், வெள்ளரிக்காயும் மீனும்தான்," என்றார் பெருமையாக. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் இறங்கியிருந்தது. நான் பாராட்டி அனுப்பினேன். நடுஇரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்ப்பதை மின்விசிறியின் கோளாறு என்று அவர் எண்ணியிருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கலப்பு இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பகுதி அவர் தூங்கும் நேரத்தில்தான் உச்சத்தை எட்டும். எண் அழகாக இறங்கியதற்கு, வியர்வையாக வெளிப்பட்ட அந்த இரவுச் சர்க்கரைச் சரிவுகளும் ஒரு காரணம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் அவர் பேச்சுக் குழறிக் கிடந்ததைக் கண்ட மனைவி அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழைத்தார். சர்க்கரை அளவு லிட்டருக்கு 2.4 மில்லிமோல், நான்குக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உயிர் பிழைத்தார். பிறகு அவருடைய பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். "உணவு ஆலோசனை வழங்கப்பட்டது" என்ற வரியும் அதன் கீழே என் பெயரும் இருந்தன. இன்றைய புதியவர்களும் அதே வரியைத்தான் எழுதுகிறார்கள். யாருக்கு, எந்த மருந்தோடு, எவ்வளவு குறைக்கச் சொன்னோம் என்பது அதில் இல்லை.

இப்போது நான் முதலில் மருந்துப் பட்டியலைத் திறக்கிறேன். இன்சுலின் இருந்தால் உணவைப் பற்றி வாய் திறக்கும் முன் மருத்துவரிடம் பேசுகிறேன். அடுத்த வருகையில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இரவு வியர்வை, கைநடுக்கம், விடியற்காலைத் தலைவலி ஆகியவற்றை விசாரிக்கிறேன்.

"அரை டின் குளிர்பானம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது

தாழ்சர்க்கரைக்கு 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அரை டின், அதாவது சுமார் 150 மில்லிலிட்டர், என்பது பழைய கணக்கு. இங்கே பல பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டார்கள். பானத்தின் சீனி அளவைத் தரம்பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரையில் "பி" என்றிருந்தால் 100 மில்லிலிட்டரில் அதிகபட்சம் 5 கிராம்தான், அரை டின்னில் ஏழரை கிராம்கூடத் தாண்டாது. மற்ற நாள்களில் நாம் வாங்கச் சொல்லும் அதே பானம் அந்த நேரத்தில் கைவிட்டுவிடும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். சீனி குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்கு மட்டும் சீனி போதாது, குளுக்கோஸ்தான் வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி

எத்தனை என்று சொல்லாவிட்டால் சொல்லாமலே இருக்கலாம்.

சமைப்பவரை வெளியே உட்கார வைப்பது

மருமகளோ பணிப்பெண்ணோ, உள்ளே அழையுங்கள்.

விரதத்தைக் கேட்காமல் விடுவது

புரட்டாசிச் சனிக்கிழமைகள், தைப்பூசத்திற்கு முந்தைய வாரங்கள், ரமலான் நோன்பு ஆகியவற்றைப் பற்றி நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், நாம் தடுப்போம் என்று பயப்படுவார். "விரதம் இருப்பீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். "விரத நாளில் ஊசியை எத்தனை மணிக்குப் போடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். போன வாரம் ஓர் அம்மா சற்று யோசித்துவிட்டு, "காலையில எப்பவும் போல போட்டுடுவேன், சாப்பாடு மட்டும் பூசை முடிஞ்சு மத்தியானம்தான்," என்றார். என் பக்கத்திலிருந்த புதிய தாதி உடனே மருத்துவரின் அறைக்கு எழுந்து போனார்.