சூரியகாந்தி விதை அடுக்கை 3டி பிரிண்ட்ல சிற்பமா செய்யறது எப்படி?

சூரியகாந்திப் பூவோட நடுவுல விதைங்க சுருள் சுருளா அடுக்கியிருக்குமே, அதுக்குப் பின்னால இருக்கறது ஒரு விதைக்கும் அடுத்த விதைக்கும் இடையில வர்ற ஒரே ஒரு கோணம்தான், கிட்டத்தட்ட 137.5 டிகிரி. 1979-ல ஹெல்முட் வோகல் இதுக்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தாரு. இங்கிலாந்துல ஈடன் ப்ராஜெக்ட்ங்கற தாவரத் தோட்டத்துல பீட்டர் ராண்டல்-பேஜ்ங்கற சிற்பி இதே அடுக்கை 70 டன் கிரானைட்டுல செதுக்கியிருக்காரு. நாம வீட்டு பிரிண்டர்ல செய்வோம்.

முதல்ல ஓப்பன்எஸ்கேட் (OpenSCAD) இறக்கிக்கோங்க, கோடு எழுதி 3டி வடிவம் செய்யற மென்பொருள், இலவசம்தான். அதுல 1-லேர்ந்து 100 வரைக்கும் ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யற கட்டளை) போடுங்க. ஒவ்வொரு விதையையும் அதோட எண் பெருக்கல் 137.5 டிகிரி ரொட்டேட் பண்ணி, எண்ணோட ஸ்கொயர் ரூட்டை 3-ஆல பெருக்கி அவ்வளவு மில்லிமீட்டர் நடுவுலேர்ந்து தள்ளி வைங்க. அங்க 4 மி.மீ. விட்டத்துல ஒரு சிலிண்டர், உயரம் 25-லேர்ந்து எண்ணை 15-ஆல வகுத்து வர்றதைக் கழிச்சுக்கோங்க, அப்பதான் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து குவிமாடம் மாதிரி வரும். சிலிண்டர் ஏழு பக்கமா தெரிஞ்சா பயப்படாதீங்க, வட்டத்துக்கு எத்தனை பக்கம்னு சொல்ற டாலர் எஃப்என் ($fn) மதிப்பை 24 ஆக்குங்க, உருண்டுடும்.

அடியில 2 மி.மீ. தட்டு கண்டிப்பா வேணும். நான் முதல் தடவை அதை விட்டுட்டேன், பிரிண்டரோட அடிப்பலகையிலேர்ந்து (பெட்) எடுத்தா அத்தனை குச்சியும் தனித்தனியா கையில வந்துடுச்சு, மனசே விட்டுப்போச்சு.

பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி 137.5-ஐ 137-ன்னு மாத்தி, முன்னோட்டம் காட்டற எஃப்5 விசையை அழுத்திப் பாருங்களேன். அரை டிகிரிதான் குறைச்சோம், விதையெல்லாம் 21 கையா பிரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நடுவுல வெத்து இடம் கிடக்கும்! இதைக் கண்ணால பார்த்தப்புறம்தான் அந்தக் கோணத்தோட அருமை எனக்குப் புரிஞ்சது.

திரும்ப 137.5 ஆக்கிட்டு, முழு வடிவத்தையும் கணக்கிட எஃப்6, அப்புறம் பிரிண்டுக்கான எஸ்டிஎல் (STL) ஃபைலா எக்ஸ்போர்ட். பிஎல்ஏ (PLA) பிளாஸ்டிக் இழை, 0.2 மி.மீ. லேயர், தாங்கு கொடுக்கற சப்போர்ட் வேண்டாம். நாசில் (பிளாஸ்டிக் வர்ற முனை) குச்சிக்குக் குச்சி தாவறதால நூல் நூலா இழுக்கும், அதனால தாவறப்ப இழையைப் பின்னுக்கு இழுக்கற ரிட்ராக்ஷனை ஆன்ல வைங்க, மிச்ச நூலை பிரஷ்ஷால தட்டி எடுத்துடலாம்.

ஆறினதும் ஓரத்துலேர்ந்து நடு வரைக்கும் விரலை வளைச்சு ஓட்டி சுருளை எண்ணுங்க. ஒரு பக்கம் 21, எதிர்ப்பக்கம் 34 வரும். அளவு பிடிச்சிருந்தா லூப்பை 300 ஆக்கி, தட்டோட ஆரத்தை 55 மி.மீ.க்கு பெருசாக்கி முழு சிற்பத்தைப் போடுங்க, அப்ப ஓரத்துல 34, 55 ஆயிடும்.