விண்ணப்பம் சேர்ந்ததற்குச் சான்று

முதலில் அறிவிப்பைப் பாருங்கள்: கடைசி நாளுக்குள் அனுப்பினால் போதுமா, வந்து சேர வேண்டுமா? பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சேர வேண்டுமென்றால் தபால் முத்திரைத் தேதி கைகொடுக்காது. ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள்.

நேரில் கொடுப்பதானால் இரண்டு பிரதி. உங்கள் பிரதியில் அலுவலக முத்திரை, தேதி, பெற்றவர் கையொப்பம் மூன்றும் வேண்டும். வெறும் கிறுக்கல் பின்னால் செல்லாது.

தபாலில் என்றால் சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்டு, பதிவு வசதியுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்); தனிப் பதிவுத் தபால் 2025-இல் இதனுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ரசீது, அனுப்பியதற்கு மட்டுமே சான்று. கையெழுத்தாகித் திரும்பும் ஒப்புகைதான் சேர்ந்ததற்குச் சான்று. உறைக்குள் என்ன இருந்தது என்பதை இரண்டுமே சொல்லாது. அதனால் ஒப்புகை அட்டை இருந்தால் அதில் விண்ணப்பத்தின் பெயரை எழுதுங்கள், முழு நகலையும் வைத்திருங்கள்.

இணையத்தில் பணம் பிடித்துவிட்டால் மட்டும் விண்ணப்பம் போய்விட்டதாக ஆகாது. விண்ணப்ப எண் வந்த பக்கத்தைத் தேதி, நேரத்தோடு பிடிஎஃப்பாகச் சேமியுங்கள்.