ஒக்‌ஷன் ஷீட்டைப் பார்த்துக் கார் வாங்கியது

வீட்டுக்கு ஒரு பழைய ஜப்பான் கார் தேடினேன். கொழும்பில் விற்பவர்கள் முதலில் நீட்டுவது புகைப் பரிசோதனைச் சான்றிதழைத்தான். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அது வேண்டும், சரி. ஆனால் பிரேக்கைப் பற்றியோ சேசியைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது.

நான் கேட்டது ஜப்பான் ஏலத்தில் காரைப் பரிசோதித்து அதன் நிலையை எழுதிய ஒக்‌ஷன் ஷீட். தெஹிவளையில் பார்த்த காருக்கு விற்பவர் காட்டிய நகலில் தரம் 4.5, அதாவது நல்ல நிலை. சேசி இலக்கத்தை வைத்து, இணையத்தில் காசு கட்டி நானே ஒரு பிரதி எடுத்தேன். அதில் தரம் ஆர், அதாவது விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. ஷீட்டில் உள்ள கார் வரைபடத்தில் முன்பக்கம் எக்ஸ்எக்ஸ்: மாற்றிய பாகம். ஓடிய தூரமோ, இப்போது மீட்டர் காட்டுவதைவிடக் கூட! பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம் வெள்ளவத்தையில் ஒன்று. தரம் 4, கதவில் ஏ1, சிறு கீறல். அது போகட்டும். ஷீட் ஏல நாளோடு நின்றுவிடும். இங்கே ஓடிய காலத்துக்குச் சர்விஸ் பதிவுகள்தான் சாட்சி. கிலோமீற்றர் ஒழுங்காக ஏறியிருந்தது, கியர் ஒயிலும் மாற்றியிருந்தார்கள். தெரிந்த மெக்கானிக் அண்ணை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்தார். துரு இல்லை. கொஞ்சம் விலை பேசி வாங்கிவிட்டேன்.