எந்த ரூபாய் என்று ஏறும் முன் கேளுங்கள்: கொழும்புக்குப் புதிதாக வரும் நம்ம ஊர்க்காரர்களுக்கு

கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, எதில் கவனமாக இருக்கணும் என்று மாதம் ஒருவராவது ஊரிலிருந்து கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஆவண வேலைகள் பெரிய கஷ்டமில்லை. சுற்றிப்பார்க்க வந்தால் ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதியை அரசு இணையதளத்திலேயே எடுங்கள், இடைத்தரகர் வேண்டாம். வேலைக்கென்றால் குடியிருப்பு விசா, அதற்குப் பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவுத் திணைக்களம். கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சிம் வாங்கி, வண்டி பிடிக்கிற பிக்மீ செயலியை இறக்கிவிடுங்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா விடுமுறை, மதுக்கடை, இறைச்சிக்கடை திறக்காது. அவ்வளவுதான்.

இனி நான் மாட்டிய கதை. 2023 ஆகஸ்ட், வந்து ஒன்பதாம் நாள், ஞாயிறு மதியம். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நின்றிருந்தேன். மதுரையில் வளர்ந்தவனுக்கு ஆபீசுக்குப் பக்கத்திலேயே கடல் இருப்பது பெரிய விஷயம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் அருகே வந்தார். "தம்பி, நீங்கள் நிக்கிற ஹோட்டல்லதான் எனக்கு வேலை. காலமை உங்களைக் கண்டனே" என்றார். ஒன்பது நாளாக ஆங்கிலத்திலேயே சமாளித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தமிழே போதுமாக இருந்தது. அவர் ஹோட்டல் பெயரைச் சொல்லவே இல்லை, நான்தான் சொன்னேன் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

"கங்காராமயாவில இண்டைக்குப் பெரஹெரா, யானையெல்லாம் வருது. அஞ்சு மணியோட முடிஞ்சிடும்" என்று அவசரப்படுத்தினார். கங்காராமயா இங்குள்ள பௌத்த விகாரை, பெரஹெரா என்றால் அதன் ஊர்வலம். கையைக் காட்டியதும் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. நம்ம ஆட்டோவுக்கு இங்கே அதுதான் பெயர். போக வர ஆயிரம் ரூபாய் என்றார் டிரைவர்.

விகாரையில் ஊர்வலமும் இல்லை, மேளமும் இல்லை. அங்கே பெரஹெரா நடப்பது நவம் மாதப் பௌர்ணமியை ஒட்டி, அதாவது பிப்ரவரி வாக்கில். டிக்கெட் எடுக்கப் பர்ஸைத் திறந்தபோது டிரைவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். உள்ளே இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு, காந்தி படம் போட்டவை. புறப்படும்போது அம்மா திருநீற்றுப் பொட்டலத்தோடு வைத்துவிட்டது.

திரும்பும் வழியில் கேட்காமலே ஒரு ரத்தினக்கல் கடையில் நிறுத்தினார். இன்றைக்கு மட்டும் வரி இல்லை என்று நீலக்கல்லை வெல்வெட் துணியில் உருட்டிக் காட்டினார்கள். நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகு டிரைவர் வாயே திறக்கவில்லை. திடலில் இறங்கி ஆயிரத்தை நீட்டினால், "இது இலங்கைக் காசு. நான் சொன்னது இந்தியக் காசு" என்கிறார். அன்றைய கணக்கில் மூன்றரை மடங்குக்கு மேல்! வாதாடினேன். இன்னும் இரண்டு த்ரீவீல்காரர்கள் வந்து சுற்றி நின்றதும் அம்மா கொடுத்த நோட்டு இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மதுரை ஜங்ஷனில் எவ்வளவு, எது வரைக்கும், வெயிட்டிங் உண்டா என்று மூன்று தடவை கேட்காமல் நான் ஆட்டோவில் காலை வைத்ததில்லை. இங்கே தமிழ் கேட்டதும் ஒன்றையும் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் நான் சாப்பிடும் கடை அக்காவிடம் சொன்னபோது, சொதியை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு காசுக்கும் பேர் ரூபாய்தானே தம்பி. ஏற முதல் கேட்டிருக்க வேணும்."

ஆகவே செயலியில் வண்டி பிடியுங்கள், தொகை இலங்கை ரூபாயில் முன்பே தெரியும். தெருவில் பிடித்தால் மீட்டர் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் "இலங்கை ரூபாய்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள். இந்தியப் பணத்தை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் ஹோட்டலில் வேலை என்று யார் வந்தாலும் எந்த ஹோட்டல் என்று அவரையே சொல்லவிடுங்கள். கும்பல் கூடினால் போலீசுக்கு 119, சுற்றுலா உதவிக்கு 1912.

தமிழையே நம்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இங்குள்ள தமிழைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகுங்கள். "மேனேஜர் என்கிட்ட ரொம்ப நேரம் பேசினார்" என்று ஒருநாள் சொன்னேன். பக்கத்து மேசை அண்ணன் பதறி, "ஏன், என்ன பிழை விட்டனீங்கள்?" என்றார். இங்கே பேசுவதென்றால் திட்டுவது, நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்பார்கள். இன்னொன்று, பழகிய அன்றைக்கே போரில் உங்கள் வீட்டில் யார் போனார்கள் என்று கேட்காதீர்கள். நம்மவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களாகச் சொல்லும்போது கேளுங்கள்.

போன ஞாயிறு அதே திடலில் திருச்சிக் குடும்பம் ஒன்றிடம் வேறொருவர் யானை ஊர்வலம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய், "அண்ணே, நவம் பெரஹெராவுக்கு இன்னும் நாள் இருக்கே" என்றேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்தபடி நடந்துவிட்டார். அந்தக் குடும்பத்தோடு நின்று இறால் வடை சாப்பிட்டேன். தட்டுக்கு எவ்வளவு என்று அவர்கள் வீட்டுப் பாட்டி கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டார்.