விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் ஏறவில்லையா? முதலில் அந்தப் பச்சை ஆமையைப் பாருங்கள்

அக்கா மகன் ஏற்காட்டிலிருந்து போன் செய்தபோது மணி இரவு பத்தே கால். “மாமா, லினக்ஸ் ஏறவே மாட்டேங்குது. திங்கக்கிழமை லேப் இருக்கு” என்றான். விண்டோஸ் 11 உள்ள 8 ஜிபி லேப்டாப். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட அக்காவுக்குச் சம்மதமில்லை, எஸ்டேட் கூலிக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதனால் விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் லினக்ஸ் நிறுவுவது என்று முடிவு செய்திருந்தான். விர்ச்சுவல்பாக்ஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஓட்டும் செயலி; அந்த உள் கம்ப்யூட்டர்தான் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம். நல்ல முடிவு.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் இதே வேலையில் போன வருடம் மூன்று இரவு விழித்திருக்கிறேன். அந்த மூன்று இரவில் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம்: விஎம்மில் லினக்ஸ் ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் லினக்ஸில் இருப்பதில்லை. அதற்கு அடியில் இருக்கும் விண்டோஸிலோ, அதற்கும் அடியில், லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸிலோ, இறக்கிய ஃபைலிலோதான் இருக்கும். அதனால் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வருவோம். விர்ச்சுவல்பாக்ஸை இறக்கி நிறுவத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இறக்கிய ஃபைல் முழுசா?

அவனுடைய முதல் சிக்கல் இதுதான். போன் ஹாட்ஸ்பாட்டில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பு ஐஎஸ்ஓவை (நிறுவல் டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக இருப்பது) இறக்கியிருந்தான். அது கிட்டத்தட்ட 6 ஜிபி. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் சிக்னல் ஒரு கம்பி வரும், போகும். நிறுவல் பாதி ஓடி, ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்று நின்றுவிட்டது. இந்த வார்த்தைகளைப் பார்த்தால் முதலில் ஐஎஸ்ஓ மேல் சந்தேகப்படுங்கள்.

சரிபார்ப்பது சுலபம். 7-ஜிப் போட்டிருந்தால் ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து, ‘சிஆர்சி எஸ்ஹெச்ஏ’ மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஓர் எழுத்து-எண் வரிசை வரும். லினக்ஸ் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று கொடுத்திருப்பார்கள். இரண்டும் ஓர் எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும். மாறினால் அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள், வேறு வைத்தியம் கிடையாது.

சிக்னல் சரியில்லாத இடத்தில் இருப்பவர்கள் பிரவுசரில் இறக்காதீர்கள். டாரன்ட் வழியாக இறக்குங்கள், அதற்கு க்யூபிட்டாரன்ட் போதும். இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், வந்த ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும். டாரன்ட் என்றாலே திருட்டுப் படம் என்று நினைக்க வேண்டாம். உபுண்டு, மின்ட் (இன்னொரு லினக்ஸ் வகை) இரண்டுமே தங்கள் தளத்தில் டாரன்ட் ஃபைலைத் தருகின்றன.

நான் வேறு வழி செய்தேன். சேலத்தில் இறக்கி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை ஏற்காடு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு. அதற்கு முன் வீட்டில் ஒரு தடங்கல்: உபுண்டு ஐஎஸ்ஓ பென் டிரைவில் ஏற மறுத்தது. 16 ஜிபி காலியாக இருந்தும் ‘ஃபைல் பெரியது’ என்றது. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்ததுதான் காரணம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்ததும் ஏறிவிட்டது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பின் ஐஎஸ்ஓவையும் எடுத்துப் போனேன். அது 3 ஜிபிக்குள் முடிந்துவிடும். 8 ஜிபி லேப்டாப்பில் விஎம்முக்கு என் தேர்வு எப்போதும் இதுதான். உபுண்டு 24.04 மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், மெனு விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. லேப் வேலைக்கு உபுண்டுவில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது.

படி 2: பயாஸில் விர்ச்சுவலைசேஷன்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொடுங்கள். கீழே ‘விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு’ என்று இருக்க வேண்டும். ‘டிசேபிள்டு’ என்றிருந்தால் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். இன்டெல் என்றால் ‘விடி-எக்ஸ்’ அல்லது ‘இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டி என்றால் ‘எஸ்விஎம் மோட்’. விஎம் உருவாக்கும்போது பட்டியலில் 32 பிட் வகைகள் மட்டுமே தெரிந்தாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பயாஸுக்குள் போக எந்தக் கீ என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம். எஃப்2, எஃப்10 என்று தட்டிக்கொண்டிருப்பதைவிட விண்டோஸ் செட்டிங்ஸில் ரிகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியாகப் போய், டிரபிள்ஷூட் பகுதியில் ‘யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுப்பது நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. உங்கள் டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கை வைத்த பிறகு சில லேப்டாப்கள் ரிகவரி கீயைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸுக்குப் போங்கள். கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் எல்லாமே பூட்டோடு போய்விடும்.

படி 3: பச்சை ஆமை

என் மூன்று இரவையும் தின்றது இந்தப் படிதான். என் லேப்டாப்பில் விஎம் ஓடியது, ஆனால் நகரவில்லை. மவுஸை அசைத்தால் இரண்டு நொடி கழித்து அம்புக்குறி வரும். நிறுவல் ஒரு மணி நேரமாகப் பாதியிலேயே நின்றது. ராம் போதவில்லை என்று நினைத்து ராமைக் கூட்டினேன், விண்டோஸும் சேர்ந்து திணறியது. லினக்ஸை மாற்றினேன். விர்ச்சுவல்பாக்ஸை அழித்து மறுபடி போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

விஎம் ஓடும் ஜன்னலின் அடியில் வலது மூலையில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று பச்சை ஆமையா என்று பாருங்கள். அது அலங்காரப் படம் அல்ல. ஹைப்பர்-வி என்ற விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் அடுக்கு முதலில் சிபியுவைப் பிடித்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். சில நேரம் நிறுவலே நின்றுபோகும். ஆமை இல்லாமல் சிப் போன்ற படம் இருந்தால் உங்களுக்கு இந்தப் படி தேவையில்லை, அடுத்ததற்குப் போங்கள்.

ஆமை இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்று தேடித் திறங்கள். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இவற்றில் டிக் இருந்தால் எடுங்கள். டபிள்யூஎஸ்எல்2, டாக்கர் பயன்படுத்துகிறவர்களுக்கு அவை நின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

நான் இங்கேதான் தடுமாறினேன். என் லேப்டாப்பில் அந்தப் பட்டியலில் எதிலுமே டிக் இல்லை. ஆனாலும் ஆமை இருந்தது. மூன்றாம் இரவு ஒரு மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது: மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசோலேஷன் என்று உள்ளே போனால் அந்த ஸ்விட்ச் இருக்கும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் பெரும்பாலும் முதலிலிருந்தே ஆனாக இருக்கும். அதுவும் அதே ஹைப்பர்வைசர் அடுக்கின் மேல்தான் நிற்கிறது. அதனால் ஹைப்பர்-வியில் டிக் இல்லாவிட்டாலும் அந்த அடுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அதை ஆஃப் செய்துவிட்டு, ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து திரும்ப இயக்குவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனாக இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை, விண்டோஸ் தன் உள்நிலையைச் சேமித்து வைத்து அதையே மறுபடி எழுப்பும். பிறகு ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்ற செயலியைத் திறந்து, ‘விர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி’ என்ற வரியைப் பாருங்கள். ‘ரன்னிங்’ என்று இருந்தால் இன்னும் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘நாட் எனேபிள்டு’ என்று வந்தால் ஆமை போய்விடும். எனக்குப் போனது. அதே இரவு நிறுவல் கால் மணி நேரத்தில் முடிந்தது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு. வைரஸ் கெர்னல் என்ற விண்டோஸின் உள்மையத்துக்குள் நுழையாமல் தடுக்க வைத்தது. பட்டறையின் ஜிஎஸ்டி, பேங்க் வேலை நடக்கும் லேப்டாப்பில் நான் அதை ஆஃப் செய்வதில்லை. அங்கே ஆமையோடு மின்ட் எக்ஸ்எஃப்சிஇயை மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன். வீட்டில் பழகுவதற்கென்று வைத்திருக்கும் லேப்டாப்பில் மட்டும் ஆஃப். அக்கா வீட்டிலும் இதையே சொன்னேன்: லேப் தேர்வு முடிந்ததும் ஆன் செய்துவிட வேண்டும்.

படி 4: விஎம் உருவாக்குதல்

8 ஜிபி லேப்டாப் என்றால் விஎம்முக்கு 4 ஜிபி ராம், 2 சிபியு. ராம் அளவைக் காட்டும் பட்டையில் பச்சைப் பகுதியைத் தாண்டாதீர்கள். டிஸ்க் 25 ஜிபி போதும். முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கும் தேர்வை விட்டுவிடுங்கள், தேவைக்கேற்ப வளரட்டும். நெட்வொர்க் ‘நாட்’ (NAT) என்று தானாக வருவதே சரி, மாற்ற வேண்டாம். டிஸ்ப்ளே பகுதியில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி. திரை கறுப்பாகவே நின்றால் 3டி ஆக்சலரேஷன் டிக்கை எடுத்துப் பாருங்கள்.

உபுண்டு போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. விர்ச்சுவல்பாக்ஸ் 7 முதல், ஐஎஸ்ஓவைக் காட்டியவுடன் ‘நானே எல்லாவற்றையும் நிறுவித் தருகிறேன்’ என்று தானியங்கி நிறுவலுக்குப் போய்விடும். அது ‘அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்’. அது வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். விட்டால் ‘விபாக்ஸ்யூசர்’ என்ற பயனர் பெயர், ‘சேஞ்ச்மி’ என்ற பாஸ்வேர்டோடு ஒரு உபுண்டு எழுந்து நிற்கும். அந்தப் பயனருக்கு அட்மின் உரிமை இருக்காது. எதை நிறுவப் போனாலும் ‘சுடோயர்ஸ் ஃபைலில் இல்லை’ என்று திட்டும். அக்கா மகன் முதல் தடவை இதிலும் விழுந்திருந்தான். தோண்டிச் சரிசெய்யலாம், ஆனால் புதியவர்களுக்கு அந்த விஎம்மை அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவதே சுலபம்.

படி 5: நிறுவல்

இதில் பெரிதாக ஒன்றுமில்லை, ஓர் இடம் தவிர. ‘எரேஸ் டிஸ்க்’ என்று ஒரு தேர்வு வரும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “எல்லாத்தையும் அழிக்கப் போறான்டா” என்று கையைப் பிடித்துவிட்டார். பயம் நியாயமானது. ஆனால் இங்கே ‘டிஸ்க்’ என்பது நீங்கள் கொடுத்த அந்த 25 ஜிபி ஃபைல் மட்டும்தான். விஎம்முக்குள் இருக்கும் லினக்ஸின் கண்ணுக்கு உங்கள் சி டிரைவ் தெரியவே தெரியாது. தைரியமாகக் கொடுக்கலாம். விஎம்முக்குள்தான் இருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஐஎஸ்ஓவைப் பென் டிரைவிலிருந்து நேரடியாக பூட் செய்துவிட்டு இந்தத் தேர்வைத் தொட்டால் உண்மையிலேயே எல்லாம் போய்விடும்.

முடிந்ததும் ‘நிறுவல் மீடியத்தை எடுத்துவிட்டு என்டர் தட்டவும்’ என்று நிற்கும். வெறுமனே என்டர் தட்டுங்கள். மறுபடி நிறுவல் திரையே வந்தால் டிவைசஸ் மெனுவில் ஆப்டிகல் டிரைவ்ஸுக்குள் போய் ஐஎஸ்ஓவை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் வலது பக்கக் கன்ட்ரோல் கீ விடுவிக்கும்.

உடனே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். பிறகு எதைக் கெடுத்தாலும் இந்த நிலைக்கு ஒரே கிளிக்கில் திரும்பலாம். அப்புறம் டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியை நுழைத்து, அதை இயக்கி, விஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் திரை ஜன்னலுக்கு ஏற்ப விரியும்.

பின்சேர்க்கை 1

அம்மாபேட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டார்: மின்ட் நிறுவும்போது திரை சின்னதாக இருப்பதால் ‘கன்டினியூ’ பொத்தான் கீழே மறைந்துவிடுகிறது. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு, ஜன்னலின் எந்த இடத்தையாவது மவுஸால் பிடித்து மேலே இழுங்கள். பொத்தான் தெரியும்.

பின்சேர்க்கை 2

இன்னொருவருக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த விஎம் திடீரென உறைந்து நின்றது. பார்த்தால் விண்டோஸின் சி டிரைவ் நிரம்பியிருந்தது. விஎம் டிஸ்க் வளர்ந்துகொண்டே போகும் ஃபைல் என்பதால், வளர இடமில்லாதபோது விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்மை நிறுத்தி வைக்கும். விண்டோஸில் இடத்தைக் காலி செய்துவிட்டு ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் தொடரும்.

பின்சேர்க்கை 3

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை வரை கரண்ட் நிறுத்தும் நாளில் நிறுவலைத் தொடங்க வேண்டாம். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் சிபியு வேகத்தைக் குறைக்கும், விஎம் ஆமை இல்லாமலே ஆமை வேகத்தில் போகும். நிறுவி முடித்த பிறகு கரண்ட் போனால், விஎம் ஜன்னலை மூடும்போது ‘சேவ் தி மெஷின் ஸ்டேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்து வைத்திருந்த ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கும், கரண்ட் வந்ததும் அதே வரியிலிருந்து தட்டச்சைத் தொடரலாம்.