பேன் சீப்பும் மேக்ரமே நூலும்: டிரவுட்டுக்கு வீட்டிலேயே ஒரு தக்கை

ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டவர்களுக்குத் தக்கை என்றால் மயில் இறகுத் தண்டு, அது கிடைக்காவிட்டால் காய்ந்த சோளத்தட்டைத் துண்டு. மீன் கடித்தால் தக்கை இரண்டு துள்ளு துள்ளி உள்ளே முங்கும், சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அமெரிக்காவின் கொலராடோவுக்கு வந்து, பொய்ப்பூச்சியைக் கட்டி வீசி மீன் பிடிக்கிற ஃப்ளை ஃபிஷிங் பழகியபோது நான் அந்த முங்கலுக்காகவே காத்திருந்து ஒரு கோடை முழுவதையும் வீணாக்கினேன். இங்கே குளிர்ந்த ஆறுகளில் இருக்கிற டிரவுட் மீன் அப்படிக் கடிப்பதில்லை. நிம்ஃப் என்று நாம் கட்டிப் போடுகிற அரிசியளவு பொய்ப்பூச்சி ஆற்றின் அடியோடு வரும்போது வாயைத் திறந்து உள்ளே வாங்கும், பொய் என்று தெரிந்த உடனே துப்பிவிடும், நமக்குக் கையில் ஒன்றுமே தெரியாது. அந்த ஒரு கணத்தை மேலே காட்டிக்கொடுக்கத்தான் ஸ்ட்ரைக் இண்டிகேட்டர்.

கடையில் பிளாஸ்டிக் உருண்டையாக விற்கிறார்கள். வேகமான, ஆழமான தண்ணீருக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டென்வருக்குத் தென்மேற்கே டெக்கர்ஸ் பக்கம் ஓடும் சவுத் பிளாட் ஆற்றைப் பாருங்கள்: சீஸ்மன் அணையிலிருந்து வரும் தெளிந்த குளிர்ந்த தண்ணீர், தினமும் யாராவது தூண்டில் வீசி வீசி உஷாராகிப்போன மீன்கள், போடுகிற பூச்சியோ 20, 22ஆம் நம்பர் முள்ளில் கட்டிய பொடிசு. அங்கே உருண்டை 'பொளக்' என்று விழுந்தால் முழங்கால் ஆழத்தில் நிற்கிற மீன் எல்லாம் சிதறிவிடும். அதற்குப் பதில் நூலால் கட்டிய குஞ்சத்தையே தக்கையாக மாட்டினால் பஞ்சு மாதிரி இறங்கும். தயாரிக்க ஆகும் செலவும் ஒன்றுமில்லை.

எல்லாமே நூலில்தான் இருக்கிறது. முதல்முறை வீட்டில் கிடந்த ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூலில் செய்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது, நாலாவது வீச்சில் மூழ்கிப்போனது. அக்ரிலிக் தண்ணீரைவிடக் கனம், பாலியெஸ்டர் அதைவிடக் கனம். இந்த மூன்றில் பாலிபுரொப்பிலீன் மட்டும் தண்ணீரைவிட லேசு, அடர்த்தி 0.9 சொச்சம்தான். சுவரில் தொங்கவிடுகிற மேக்ரமே வேலைக்கு விற்கும் தடித்த நூலில் இந்த வகை கிடைக்கும், ஆனால் பருத்தியிலும் அதே பெயரில் விற்பார்கள், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். லேபிள் இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, நூலை உள்ளே அமுக்கிக் காற்றைப் பிழிந்துவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்தால் சரியான நூல்.

இன்னொரு பொருள் ஓ-ரிங் என்கிற சின்ன ரப்பர் வளையம். குழாய் ரிப்பேர் சாமான் விற்கும் இடத்தில் வெளிவிட்டம் கால் அங்குலம், உள்துளை அரைக்கால் அங்குலம் என்று கேளுங்கள். அப்புறம் கொஞ்சம் தையல் நூல், கூர்மையான கத்தரி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ, ஒரு பேன் சீப்பு. பேன் சீப்புதான், சிரிக்காதீர்கள்.

நூலை மூன்று அங்குலத்துக்கு வெட்டி முறுக்கைப் பிரித்து, முதலில் சாதாரணச் சீப்பால், பிறகு பேன் சீப்பால் வாருங்கள். அவசரப்பட்டு நடுவிலிருந்து இழுத்தால் சிக்கு விழும், சிக்கெடுக்கிற மாதிரி நுனியிலிருந்து ஆரம்பித்து மெல்ல உள்ளே போக வேண்டும். இழை இழையாகப் பிரிந்து பஞ்சாகும் வரை வாரினால்தான் இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும், மிதப்பில் பாதி அந்தக் காற்று. பெரும்பாலானவர்கள் இங்கேதான் சோம்பல்படுகிறார்கள், பிறகு நூல் சரியில்லை என்கிறார்கள். வாரியதை ஓ-ரிங்கில் பாதிவரை நுழைத்து, இரண்டு முனையும் ஒன்றாக மேலே வரும்படி மடித்து, ரிங்கை ஒட்டித் தையல் நூலால் எட்டுப் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் க்ளூவைத் தொட்டு வையுங்கள். க்ளூ மேலே இழைக்கு ஏறிவிட்டால் குஞ்சம் குச்சி ஆகிவிடும், அதனால் குண்டூசி முனையில் எடுத்து வைப்பது நல்லது. இப்போது கையில் இருப்பது பின்னல் குஞ்சம் மாதிரியே இருக்கும். காய்ந்ததும் இன்னொரு தடவை வாரி, சவரப் பிரஷ் மாதிரி மேலே வளைவாக வெட்டுங்கள். பொடிப்பூச்சிக்குச் சுண்டைக்காய் அளவு போதும், இரண்டு நிம்ஃபும் எடைக் குண்டும் சேர்ந்தால் பெரிய நெல்லிக்காய் அளவு வரலாம். குட்டையாக வெட்டிவிட்டால் திரும்ப வளராது, அதனால் முதலில் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள்.

நிறத்தில் எனக்குப் பிடித்தது ஆரஞ்சு பாதி, வெள்ளை பாதி. வெள்ளை மட்டும் என்றால் ஆற்று நுரையோடு கலந்துவிடும், மீனுக்குச் சந்தேகம் வராது, ஆனால் நமக்கும் தெரியாது! சாயங்காலம் வெயில் எதிரே தண்ணீரில் மின்னும்போது கறுப்புதான் கண்ணுக்குப் பிடிபடுகிறது. இது நான் எதிர்பார்க்காத ஒன்று.

மாட்டுவது சுலபம். லீடர் நரம்பை (தூண்டில் கயிற்றின் நுனியில் பூச்சி கட்டுகிற மெல்லிய நரம்பு) எச்சிலால் நனைத்து, மடித்து, அந்த வளையத்தை ஓ-ரிங்குக்குள் நுழைத்து, குஞ்சத்தின் தலைக்குமேல் போட்டு இறக்கி, இரண்டு பக்கமும் இழுத்தால் ரிங்கில் இறுகிவிடும். இடம் மாற்ற வேண்டுமென்றால் வளையத்தைத் தளர்த்தி நகர்த்தலாம். ரொம்ப இறுக்கினால் நரம்பில் மடிப்பு விழும், பெரிய மீன் அந்த மடிப்பில்தான் அறுத்துக்கொண்டு போகும், எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. பூச்சியிலிருந்து எவ்வளவு மேலே வைப்பது? ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று ஆரம்பியுங்கள்: இரண்டடித் தண்ணீருக்கு மூன்றடி. அவ்வப்போது பூச்சி அடியில் தட்டினால் சரி, தட்டவே இல்லையென்றால் குஞ்சத்தை இன்னும் மேலே ஏற்றுங்கள். எடைக்கு ஈயத்துக்குப் பதில் வெள்ளீயக் குண்டு வாங்கிக்கொள்ளுங்கள், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஈயத்துக்குத் தடையே இருக்கிறது.

முதல் வீச்சுக்கு முன்பே, குஞ்சம் காய்ந்திருக்கும்போதே, மிதப்புப் பசையை (தண்ணீர் ஏறாமல் இருக்கப் பூசுவது) விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து உருக்கி, இழைகளுக்குள் அடிவரை போகும்படி தடவுங்கள். நனைந்த பிறகு தடவினால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டுவது மாதிரிதான். மத்தியானத்துக்குள் நனைந்து தொங்கினால் சட்டைத் துணியில் பிழிந்து, காற்றில் நாலு வீசு வீசி உலர்த்திவிட்டு மறுபடி தடவ வேண்டும். குஞ்சம் காற்றைப் பிடிக்கும் என்பதால் வீச்சை அகலமாக, நிதானமாக வையுங்கள், இறுக்கமாக வீசினால் எல்லாம் சுற்றிக்கொள்ளும்.

மிதந்து வரும்போது பக்கத்தில் வருகிற நுரையைப் பாருங்கள். குஞ்சமும் நுரையும் ஒரே வேகத்தில் வர வேண்டும். குஞ்சம் ஒரு நொடி தயங்கினாலும், தலை சாய்ந்தாலும், ஓரமாக ஒரு விரல்கடை நகர்ந்தாலும் கோலை உடனே தூக்குங்கள். பத்துத் தடவையில் ஏழெட்டுத் தடவை கல்லாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் அமுக்கி மூடாமல், வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, வாரி, பழைய மாத்திரை பாட்டிலில் தலை மேலாக நிறுத்தி வையுங்கள். வெட்டிய இழைத் தூள் பிளாஸ்டிக், அது ஆற்றுக்குப் போகக் கூடாது, அதனால் வெட்டுகிற வேலையைச் சமையல் மேசையிலேயே முடித்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி இல்லை, நான் பால்கனியில் பேப்பர் விரித்து உட்காருகிறேன்.